சொல் மட்டும் நீங்கிய சட்டம்

2023 ஆகஸ்டு 11 அன்று மக்களவையில் புதிய குற்றவியல் மசோதாக்களை அறிமுகப்படுத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, இராஜத்துரோகச் சட்டம் ஒழிக்கப்படுகிறது என்று அறிவித்தார். 1870இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட 124அ பிரிவு 2024 ஜூலை 1 முதல் ஏட்டில் இல்லை என்பது உண்மைதான். அதன் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதையின் 152ஆம் பிரிவு வந்து அமர்ந்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த எவரும் அந்த அறிவிப்பை அப்படியே ஏற்றிருக்க மாட்டார்.

பழைய பிரிவு நீதிபதிக்கு மூன்று வழிகளை விட்டிருந்தது: ஆயுள் தண்டனை, மூன்றாண்டு வரை சிறை, அல்லது வெறும் அபராதம். புதிய பிரிவில் இருப்பவை இரண்டே: ஆயுள் தண்டனை, அல்லது ஏழாண்டு வரை சிறை. இரண்டோடும் அபராதம் உண்டு. அபராதத்தோடு மட்டும் விடும் வழி அடைபட்டுவிட்டது. மூன்றை ஏழாக்கும் யோசனை புதிதன்று. அதே 2023இல் வெளியான சட்ட ஆணையத்தின் 279ஆவது அறிக்கை அதைத்தான் பரிந்துரைத்தது. ஆணையம் 124அ பிரிவைத் தக்கவைக்கச் சொன்னது. அரசு அதன் பெயரை நீக்கிவிட்டுத் தண்டனையை எடுத்துக்கொண்டது.

சொற்களைப் பார்ப்போம். அரசாங்கத்தின்மீது வெறுப்பையும் பற்றின்மையையும் தூண்டுவது பழைய குற்றம். புதிய பிரிவு பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி என்று தெளிவாகத் தொடங்குகிறது. அவற்றை யாரும் ஆதரிக்கப் போவதில்லை. உடனே, எங்கும் வரையறுக்கப்படாத 'சீர்குலைவுச் செயல்கள்' வருகின்றன. அடுத்து, 'பிரிவினைச் செயல்களின் உணர்வுகளை' ஊக்குவிப்பதும் குற்றமாகிறது. செயலுக்கு ஏது உணர்வு? முதலாண்டு இலக்கண மாணவனுக்கும் இடறும் இந்தத் தொடரை வைத்து ஒருவரை ஆயுள் முழுதும் சிறையில் வைக்கலாம். (ஆகஸ்டு மசோதாவில், அரசின் நடவடிக்கையைக் குறைகூறும் கருத்துகளைக் காக்க வேண்டிய விளக்கக் குறிப்பு பயனிலையே இல்லாமல் பாதியில் நின்றிருந்தது. 'குற்றமாகாது' என்ற முடிவு பிறகுதான் சேர்க்கப்பட்டது. கைவிலங்கு பூட்டும் வாக்கியங்களில் இப்படி ஒரு பயனிலை விடுபட்டதில்லை.)

'நோக்கத்துடனோ அறிந்தோ' என்ற நிபந்தனை புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அது பாதுகாப்பல்லவா என்று கேட்பார்கள். நோக்கம் எதுவென்று விசாரணையின் முடிவில் தெரியும். கைது தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. இந்தக் குற்றத்தில் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில்கூட 124அ பிரிவின்கீழ் காவலர் பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாது. அந்த அதிகாரத்தைத் தந்தது 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். காலனியம் போய் கால் நூற்றாண்டுக்குப் பின், இந்திரா காந்தியின் ஆட்சியில்.

2023 டிசம்பரில் இதற்கு ஒரு சொல்விளக்கமும் தரப்பட்டது: 'ராஜ்த்ரோஹ்' போய் 'தேஷ்த்ரோஹ்' வந்திருக்கிறதாம், இனி அரசை விமர்சிக்கலாம், தேசத்துக்கு எதிராகத்தான் பேசக்கூடாதாம். இந்தியில் இது மாற்றமாக ஒலிக்கலாம். தமிழ் நாளிதழ்களோ 124அ வழக்குகளைப் பல்லாண்டுகளாகவே 'தேசத்துரோக வழக்கு' என்றுதான் எழுதிவந்தன. 1908இல் திருநெல்வேலியில் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தபோது அது இராஜத் துரோகம். இடிந்தகரையில் அணு உலை வேண்டாம் என்று கடற்கரையில் அமர்ந்த ஆயிரக்கணக்கானோர்மீது பாய்ந்தபோது அது தேசத்துரோகம். 2015இல் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவன் கைதானதும் அதே பெயரில்தான். அரசும் தேசமும் ஒன்றே என்று காவல் நிலையங்கள் எப்போதோ மொழிபெயர்த்து முடித்துவிட்டன.

இங்கே ஒரு கேள்வி, தனிமனித சுதந்திரத்தின் பெயரால் சந்தையைப் பேசும் இந்திய சுதந்திரவாதிகளை நோக்கி எழ வேண்டும். மேற்படி மசோதாக்கள் வந்த அதே மழைக்காலக் கூட்டத்தொடரில்தான் ஜன் விஸ்வாஸ் சட்டமும் நிறைவேறியது. 42 சட்டங்களில் 183 விதிகளில் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது, அல்லது தண்டனை தளர்த்தப்பட்டது. சிறு பிழைக்குச் சிறை என்ற அச்சம் தொழில் முனைவை முடக்குகிறது, அரசு குடிமக்களை நம்ப வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மிகச் சரியான காரணம். அதே அச்சம் பேச்சை முடக்காதா? தொழிற்சாலைப் பதிவேட்டில் தவறு செய்தவரை நம்பும் அரசு, துண்டறிக்கை அச்சிட்டவரை ஏன் நம்பவில்லை? முதல் சட்டத்துக்குப் பக்கம் பக்கமாகப் பாராட்டு எழுதியவர்களுள் பலர் இரண்டாவதைக் கண்டும் காணாமல் கடந்துபோனார்கள்.

இந்த ஓரக்கண் பார்வை நமக்குப் பழையது. 'பர்மிட் லைசென்ஸ்' ஆட்சியை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த ராஜாஜிதான், 1951இல் உள்துறை அமைச்சராக ஆட்சேபகரமான செய்திகளுக்கு எதிரான பத்திரிகைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர். எதிர்முகாமும் மேலன்று. இணையப் பேச்சுக்கான 66அ பிரிவு காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியின் கொடை. 2015இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவின்மைக்காக நீக்கியபின், அதன் தம்பியான 118அ பிரிவை 2020இல் அவசரச் சட்டமாகப் பெற்றெடுத்தது கேரளத்தின் இடதுசாரி அரசு. எதிர்ப்புக்கு அஞ்சிச் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது.

அரசியல் நிர்ணய சபை 1948 டிசம்பரில், பேச்சுரிமைக்கான வரம்புகளின் பட்டியலிலிருந்து இராஜத்துரோகம் என்ற சொல்லைத் தெரிந்தே நீக்கியது. 1950இல் சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' இதழைத் தடைசெய்தபோது, பொது ஒழுங்கைக் காரணம் காட்டிப் பேச்சைத் தடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். 1951 ஜூனில், முதல் பொதுத் தேர்தலுக்கும் முன்பே, தற்காலிக நாடாளுமன்றம் பொது ஒழுங்கு என்ற சொல்லை அரசியல் சட்டத்தில் சேர்த்தது. அந்த விவாதத்தில் 124அ பிரிவை அருவருக்கத்தக்கது என்று கண்டித்தவர் நேரு. அந்தப் பிரிவு உயிர் பிழைக்கப் பின்னாளில், 1962இல், கேதார்நாத் சிங் வழக்கில் உதவியதும் அவர் கொண்டுவந்த அதே திருத்தந்தான்.

இப்போது 152ஆம் பிரிவைத் திருத்த வேண்டும் என்கிறார்கள், வரையறைகள் வேண்டும் என்கிறார்கள். ஆயுதக் கிளர்ச்சிக்கும் வன்முறைத் தூண்டலுக்கும் சட்டத்தில் வேறு பிரிவுகள் ஏராளமாக உள்ளன. இதை முழுவதுமாக நீக்குவதற்குத் தடையாக நிற்பது எது? 183 விதிகளைத் தளர்த்தக் கோரிய குரல்கள் 184ஆவதாக இதையும் கோரட்டும்.