அண்ணல் பயின்ற பல்கலைக்கழகமும் ஹார்லெம் மக்களின் நிலமும்

கொலம்பியா பல்கலைக்கழகம் என்றதும் நம் நினைவில் எழுபவர், 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் நியூயார்க் சென்ற அண்ணல் அம்பேத்கர். இந்தியாவில் சாதிகள் குறித்த தமது ஆய்வுரையை 1916இல் அவர் வாசித்தது அங்கேதான். 1952இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியதும் அந்நிறுவனமே. நம் நன்றியுணர்வு நியாயமானது. ஆயினும், அப்பல்கலைக்கழகம் எவருடைய வாழ்விடத்தை நோக்கி, எந்தச் சட்டத்தின் துணையோடு விரிந்தது என்பது நம் மேடைகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

1754இல் பிரிட்டிஷ் மன்னரின் சாசனத்தால் 'கிங்ஸ் கல்லூரி'யாக அது தொடங்கியது. தொடக்ககாலப் புரவலர்களில் பலர் அடிமை வணிகத்தில் பொருளீட்டியவர்கள் என்பதை அப்பல்கலைக்கழகத்தின் சொந்த வரலாற்றாய்வே பதிவு செய்திருக்கிறது. 1897இல் மார்னிங்சைடு குன்றுக்கு இடம்பெயர்ந்தது. குன்றின்மேல் பல்கலைக்கழகம், சரிவில் பொதுப் பூங்கா, கீழே ஹார்லெம். தென்மாநிலங்களின் ஒடுக்குமுறையிலிருந்து வெளியேறிய கறுப்பின மக்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் ஹார்லெமில் பெருமளவில் குடியேறினர். ஊரும் சேரியும் அறிந்த நமக்கு இந்த நில அமைப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பொதுப் பூங்காவிலேயே உடற்பயிற்சிக்கூடம் ஒன்றைக் கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தது. மாணவர்களுக்கு மேல்வாசல், ஹார்லெம் மக்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சிறு பகுதி, அதற்குத் தனி வாசல். 1968 ஏப்ரலில் கறுப்பின மாணவர்களும் பிறரும் கட்டடங்களைக் கைப்பற்றிப் போராடினர். ஏறத்தாழ 700 பேர் கைதாயினர். கூடம் கட்டப்படவே இல்லை.

2003இல் அறிவிக்கப்பட்ட மன்ஹாட்டன்வில் விரிவாக்கம் வேறு வழியில் வந்தது. மேற்கு ஹார்லெமில் சுமார் 17 ஏக்கர். பெரும்பகுதியைப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. விற்க மறுத்தோரின் இடங்களுக்காக, அப்பகுதியைச் 'சீர்கெட்ட பகுதி' என அரசு நிறுவனம் அறிவித்துக் கட்டாயக் கையகப்படுத்தலுக்கு வழிவகுத்தது. வழக்குத் தொடுத்தோரில் பெட்ரோல் நிலையம் நடத்திவந்த சீக்கியக் குடும்பமும் உண்டு; ஆகவே அது சட்ட நூல்களில் 'கவுர் வழக்கு' எனப்படுகிறது. 2009இல் மேல்முறையீட்டு அமர்வு கையகப்படுத்தலை ஏற்க மறுத்தது. சீர்கேட்டைக் கண்டறியும் ஆய்வை, பல்கலைக்கழகத்துக்கே பணியாற்றிவந்த ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்ததைத் தீர்ப்பு கடுமையாகச் சாடியது. ஆனால் 2010 ஜூனில் மாநிலத்தின் உச்ச அமர்வு அத்தீர்ப்பைப் புரட்டியது. தனியார் பல்கலைக்கழகமாயினும் கல்வி பொதுநோக்கமே என்றது. சீர்கேடு எது என்பதை அரசு நிறுவனமே தீர்மானிக்கலாம் என்றும் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 15 கோடி டாலர் மதிப்பிலான சமூகநல ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அது அற்பமன்று, ஆனால் நிலத்தின் மீது ஹார்லெம் மக்களுக்கு எவ்வித உரிமையையும் அது தரவில்லை.

நம் நாட்டின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இங்கேதான் மாறுபடுகிறது. அரசு நிலமெடுக்கத்தக்க உட்கட்டமைப்புத் திட்டங்களின் பட்டியலிலிருந்து தனியார் கல்வி நிறுவனங்களை அச்சட்டம் வெளிப்படையாக விலக்குகிறது. சில சொற்களே, ஆனால் அவற்றை நீக்கத்தான் 2014 டிசம்பரின் அவசரச் சட்டம் முயன்றது. நாடு தழுவிய எதிர்ப்பால் 2015 ஆகஸ்டில் அது காலாவதியானது.

கட்டாயக் கையகப்படுத்தல் மட்டுமே வழியன்று. மாநகராட்சி எல்லைக்குள் தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கருக்குப் பதில் 25 ஏக்கர் போதும் என்ற திருத்த மசோதாவை 2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. எழுந்த எதிர்ப்பால் அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களாக மாறலாம் என்ற பிரிவே பெரிதும் விவாதிக்கப்பட்டது. நம் பிள்ளைகள் குறைந்த கட்டணத்திலும் இடஒதுக்கீட்டிலும் பயிலும் கல்லூரிகள் அவை என்பதால் அது இயல்பே. ஆனால் மசோதா மீண்டும் வருமானால், நகருக்குள் அந்த 25 ஏக்கர் யாருடையது, இப்போது அங்கே வசிப்போர் யார் என்பதையும் முதல் வாசிப்பிலேயே கேட்க வேண்டும்.