2009இல் பிறந்தவர்களை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவுஸ்திரேலியாவின் உதைபந்தாட்ட லீக்கான ஏ.எப்.எல். கழகங்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நாட்டின் சிறந்த இளம் வீரர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. 1986இல் தொடங்கிய ஏற்பாடு இது. புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. நலிந்த அணிக்கு நல்ல பிள்ளை கிடைக்கட்டும் என்பது நோக்கம். ட்ராப்ட் என்று அவர்கள் சொல்லும் இந்தத் தெரிவுக்கு வர, அந்த ஆண்டு டிசெம்பர் 31க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதன்படி 2009இல் பிறந்த ஒரு மெல்பேர்ண் பையனின் முறை 2027இல் வருகிறது. அவனைப் பல கழகங்கள் இப்போதே குறித்துவைத்திருக்கும்.

அதே 2009இல், இலங்கையில் போர் முடிந்த ஆண்டில், வன்னியில் பிறந்த பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிகளுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். பிள்ளையின் வளர்ச்சிக்கு அத்திவாரம் இடப்படுவது தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வயதிலும் என்பார்கள் மருத்துவர்கள். இவர்களுக்கு அந்தக் காலம் இடப்பெயர்விலும் கூடாரத்திலும் நிவாரண உணவிலும் கழிந்தது. உலகெங்கும் விளையாட்டுத் தேர்வாளர்கள் அளவுநாடாவோடு வரும் வயதை இன்று அவர்கள் எட்டியிருக்கிறார்கள். அவர்களை எந்த அளவுகோலால் அளக்கப்போகிறோம் என்பதே என் கேள்வி.

ஏ.எப்.எல். காரர் அளக்கும் விதத்தை முதலில் பார்ப்போம். நவம்பர் தெரிவுக்கு முன் பிள்ளைகளை ஓரிடத்துக்கு அழைத்துச் சோதிக்கிறார்கள். 20 மீற்றர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்தும் ஓடிவந்தும் எழும்பும் உயரம், வளைந்து திரும்பும் வேகம், 2 கிலோமீற்றர் ஓட்டம் எல்லாம் பதிவாகின்றன. உயரம், கையின் நீளம் வரை குறிக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையும் நேர்முகமும் உண்டு. ஆனால் இது கடைசிப் படி மட்டும்தான். 15, 16 வயதிலேயே அந்தப் பிள்ளையின் ஆட்டத்தை மைதானத்துக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள். மழையில் எப்படி ஆடினான், தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஆடினான் என்று எழுதி வைத்திருப்பார்கள். பயிற்றுநரோடு பேசியிருப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனோடும் பேசியிருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் பிழை விடுகிறார்கள். சாம் மிட்செலை 2000ஆம் ஆண்டுத் தெரிவில் எந்தக் கழகமும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு 36ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அதே 2001இல் டேன் ஸ்வான் 58ஆவது ஆள். 1990இல் ஜேம்ஸ் ஹேர்ட் 79ஆவது ஆள். மூவருமே பிற்காலத்தில் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுண்லோ பதக்கத்துக்கு உரியவர்களானார்கள். பணமும் காணொளியும் மருத்துவரும் ஆண்டுக்கணக்கான அவதானிப்பும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், ஒரே காலைப்பொழுதில் ஓடவிட்டு முடிவெடுக்கும் எங்கள் முறையை எவ்வளவு நம்பலாம்?

எங்கள் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தொடங்கி கோட்டம், வலயம், மாகாணம், பிறகு தேசியமட்டம். ஒவ்வொரு படியிலும் முன்னுக்கு வந்த சிலர் மேலே போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். நான்காவதாக வந்த பிள்ளை எத்தனை மாதப் பயிற்சியோடு வந்தாள், சப்பாத்தோடு ஓடினாளா வெறுங்காலோடு ஓடினாளா, போன ஆண்டைவிட எவ்வளவு முன்னேறியிருக்கிறாள் என்று எழுத முடிவுத்தாளில் இடமே இல்லை. தேசியமட்டத்துக்குத் தப்பிப்போகிறவரின் பயணத்தையும் பாருங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து இரவு பஸ் ஏறி, ஏ9 வீதியில் விடியவிடியக் குந்தியிருந்து, கொழும்பில் இறங்கி, இதுவரை கால் வைத்தறியாத செயற்கை ஓடுபாதையில் அன்றே ஓட வேண்டும். பக்கத்து ஓடுபாதையில் நிற்பவர் தன் வீட்டுக் கட்டிலில் தூங்கி எழுந்து வந்தவர். மணிக்கூடு இருவருக்கும் ஒன்றுதான். அது அளப்பது ஒன்றையல்ல.

பயணக் களைப்பைப் பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம். உடல் வளர்ச்சியின் காலம் அதைவிடச் சிக்கலானது. ஆண்பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதளவில் திடீரென்று நெடுத்து வளர்வார்கள், பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவில். அது சராசரி மட்டும்தான். ஒருவருக்கு இரண்டு ஆண்டு முந்தி வரும், இன்னொருவருக்கு இரண்டு ஆண்டு பிந்தி வரும். ஆகவே பிறப்புச் சான்றிதழில் ஒரே வயதுள்ள இரு பையன்களில் ஒருவன் உடலால் ஏறத்தாழ ஆளாகிவிட்டான், மற்றவன் இன்னும் சிறுவன். போதிய போசாக்கு இல்லாத பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி பிந்துவதே வழக்கம். 16 வயதுப் பிரிவில் மெலிந்து குறுகி நிற்கும் ஒரு வன்னிப் பையன் 19 வயதில் எப்படி இருப்பான் என்று அவனுடைய இன்றைய நேரத்தையும் தூரத்தையும் மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. முந்தி வளர்ந்தவனை எடுத்துக்கொண்டு பிந்தி வளர்பவனை வீட்டுக்கு அனுப்பினால், வளர்ந்து முடிந்தவனைத் தேர்ந்தெடுத்தோம், வளரப்போகிறவனைத் தொலைத்தோம் என்றே கணக்கு. ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசெம்பரில் பிறந்தவருக்கும் இடையிலான பதினொரு மாதமே தெரிவைச் சாய்த்துவிடும் என்பதைக் கனடாவின் ஐஸ் ஹொக்கி ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டிவிட்டார்கள்.

இதற்கு வழி உண்டு, அது செலவு மிகுந்ததும் அல்ல. நின்ற உயரம், இருந்த உயரம், எடை, பிறந்த தேதி ஆகிய நான்கையும் கொண்டு ஒரு பிள்ளை தன் வளர்ச்சியின் உச்சத்துக்கு எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் நிற்கிறது என்று மதிப்பிடும் கணக்கு 2002இலேயே வெளியாகிவிட்டது. அதிலும் பிழை வரும், ஒருமுறை அளந்து தீர்ப்புச் சொல்ல அது உதவாது, திரும்பத் திரும்ப அளந்தால் உதவும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் வயதை விட்டு உடல் முதிர்ச்சியைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்க்கின்றன. ஓர் அளவுநாடா, ஒரு தராசு, ஒரு கொப்பி இருந்தால் எந்த உடற்கல்வி ஆசிரியரும் செய்யக்கூடிய வேலை இது.

இன்னொரு கணக்கும் உண்டு. பிள்ளை கடைசியில் எவ்வளவு உயரம் வருவான் என்று சொல்ல, தாயின் உயரத்தையும் தகப்பனின் உயரத்தையும் கேட்கும் கணக்கு அது. வன்னியில் எத்தனை பிள்ளைகளால் அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்ப முடியும்? தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டில், ஒரு படம்கூட மிஞ்சாத வீட்டில், அவர் எத்தனை அடி உயரம் என்று யாரிடம் கேட்பது? வெளியிலிருந்து எடுத்துவரும் படிவத்தை இங்கே அப்படியே நீட்ட முடியாது.

வடக்கில் ஆள் இல்லை என்ற பேச்சை இனியும் யாரும் பேச வேண்டாம். 2020இல் லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி வந்தது. அதில் வடக்கு இளைஞர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படி வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், தன் 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் ஆடிய முதல் போட்டியிலேயே அஞ்சலோ மத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தார். 2024இல் ஐ.பி.எல்லில் சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடினார். திறமை திடீரென்று 2020இல் முளைக்கவில்லை. பார்க்கும் கண் அந்த ஆண்டு வந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் யாழ். மத்திய கல்லூரி மாணவர். 1904 முதல் ‘வடக்கின் பெரும்போர்’ எனும் துடுப்பாட்டப் போட்டியை ஆடும் பள்ளி அது. பழைய மாணவர் சங்கம், பத்திரிகைப் படம், தலைமுறை தலைமுறையான துடுப்பாட்ட நினைவு எல்லாம் அதற்குப் பின்னால் நிற்கின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்தப் பள்ளிக்கும் அப்படியொரு முதுகெலும்பு இல்லை. யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு வடக்கைப் பார்த்துவிட்டோம் என்று நினைப்பது தேர்வாளர்களின் பழைய பழக்கம். வன்னி எப்போதும் அந்தப் பழக்கத்துக்கு வெளியே விழுகிறது.

வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோரும் அறிவர். ஆறடி பத்து அங்குல உயரம் ஊரில் கேலிக்குக் காரணமாக இருந்தது. ஆட்டம் தெரிந்தவர்கள் அதே உயரத்தை வேறு கண்ணால் பார்த்தார்கள். 2019 லிவர்பூல் உலகக்கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர் அவர்தான், அதுவும் நாற்பது வயதளவில். வன்னிக்குள்ளேயே பார்த்தால், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்றார். குடும்ப வறுமையோடு போராடி அவர் அந்த இடத்தைப் பிடித்த பிறகுதான் செய்தியாளர்கள் கரிப்பட்டமுறிப்புக்கு வழி கேட்டார்கள்.

முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2012இல் முரளி நல்லிணக்கக் கிண்ணத் துடுப்பாட்டத்துக்காகக் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் தென்பகுதிப் பள்ளி அணிகள் வந்து ஆடின. அது அருமையான காரியம். ஆனால் கிண்ணம் முடிந்ததும் பார்வையாளர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். 2011இல் தொடங்கிய கிளிநொச்சி விளையாட்டரங்கப் பணி ஆண்டுக்கணக்கில் இழுபட்ட கதையை இங்கே விரிக்க விரும்பவில்லை. அரங்கம் கட்டி முடித்தாலும், ஒரு பிள்ளையை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்க்கிற ஆளை அது தராது.

தெரிவானால் அந்தப் பிள்ளை எங்கே போவது என்பதையும் ஒளிக்காமல் பேச வேண்டும். இலங்கையில் மெய்வல்லுநர்களுக்கும் பல விளையாட்டு வீரர்களுக்கும் சம்பளமும் பயிற்சியும் தரும் முக்கிய இடம் முப்படைகளும் பொலிஸும்தான். தெற்கின் ஏழைப் பிள்ளைக்கு அது ஏணி. முள்ளிவாய்க்காலில் உறவைப் பறிகொடுத்த தாயிடம் போய், உங்கள் மகளை இராணுவ அணிக்குத் தாருங்கள் என்று கேட்பது எப்படி? கேட்கிறவருக்கே நா எழாது. எனவே வன்னிப் பிள்ளைக்கு இந்த நாட்டு விளையாட்டின் பெரிய வாசல் சட்டப்படி திறந்திருந்தும் நடைமுறையில் பூட்டித்தான் கிடக்கிறது. வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு அனுமதியும் எஞ்சிய வழிகள். அவை வன்னிக்குத் தெரிய வந்திருப்பது மிகக் கொஞ்சம். க.பொ.த. உயர்தரம் நெருங்கியதும் விளையாட்டை விடச்சொல்லும் பெற்றோரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

ஏ.எப்.எல்லிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த நவம்பர் இரவின் ஆரவாரம் அல்ல. அந்த ஆட்டம் பெரிதாக வேரூன்றாத நியூ சவுத் வேல்ஸிலும் குவீன்ஸ்லாந்திலும் நான்கு கழகங்களுக்கு அவற்றின் பகுதியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குச் சிறுவயது முதல் பயிற்சி கொடுப்பது கழகத்தின் பொறுப்பு. வளர்ந்த பிறகு அவர்களைத் தெரிவு செய்வதில் அந்தக் கழகத்துக்கு முன்னுரிமை. சிட்னி அணியின் ஐசாக் ஹீனி அப்படி வந்தவர். பொறுப்பும் பயனும் ஒரே கையில் இருப்பதால் அது நடக்கிறது. கொழும்பின் ஒரு துடுப்பாட்டக் கழகமோ ஒரு வங்கியின் வலைப்பந்தாட்ட அணியோ துணுக்காய் வலயத்தை, வவுனியா வடக்கை, புதுக்குடியிருப்பை இதே முறையில் ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். அமைச்சு விதி எழுதினால் போதும், புதுக் கட்டடம் ஒன்றும் தேவையில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். ஊர்க் கழகங்களின் பெயரில் நீங்கள் நடத்தும் இரவுநேர உதைபந்தாட்டத் தொடர்கள் கொண்டாட்டம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கிண்ணம் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் இருபத்தைந்து வயது தாண்டியவர்கள். அந்தப் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஒரு பள்ளியின் முப்பது பிள்ளைகளுக்கு நாளுக்கொரு முட்டையாக, ஒரு சோடி சப்பாத்தாக, வலயப் போட்டிக்கு முதல்நாளே போய்த் தங்கும் செலவாக மாற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி போடும் உடற்கல்வி ஆசிரியருக்குச் சிறிய கொடுப்பனவு ஒன்றும் அனுப்புங்கள்.

வடமாகாணக் கல்வித் திணைக்களத்திடம் கேட்பது இதுதான். அடுத்த இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்திலிருந்து வன்னி மாவட்டங்கள் எல்லாவற்றிலும் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் நின்ற உயரத்தையும் இருந்த உயரத்தையும் எடையையும் தவணைக்கொருமுறை எழுதுங்கள். முதல் மூவரோடு சேர்த்து, ஓராண்டில் அதிகம் முன்னேறிய மூவரையும் மாகாணப் பயிற்சிக்கு அழையுங்கள். தேர்வாளர்களை ஆண்டில் இரு தடவையாவது முல்லைத்தீவுக்கு வரச் செய்யுங்கள். பள்ளி விளையாட்டில் கடைசி வயதுப் பிரிவு 20. 2009இல் பிறந்தவர்களுக்கு அந்த வயது 2029இல் நிறைகிறது.