அன்பே ஆணிவேர்



இரவெல்லாம் வலை வீசியும் ஒரு மீனேனும் அகப்படாமல், விடியற்காலையில் வெறுந்தோணியோடு கரைசேரும் மீனவரின் மனநிலையைத் திருகோணமலைக் கரையோரத்து மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் அத்தகையதொரு விடியலையே நமக்குக் காட்டுகிறது. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் நிற்கிறார். அவர் சொற்படி தோணியின் வலப்புறம் வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் சிக்குகின்றன. கரையிலே கரிநெருப்பு எரிகிறது. அதன்மீது மீன், அருகே அப்பம். களைத்து வந்த சீடருக்கு ஆண்டவரே காலையுணவை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். அவர்கள் உண்டு முடித்த பின்னரே பேதுருவை நோக்கி வினா எழுப்புகிறார்.

அந்த வினா யாது? மும்முறை மறுதலித்தவரிடம் அதற்கான காரணத்தை அவர் கேட்கவில்லை. மறைக்கல்வியில் தேர்வு வைக்கவில்லை. இதுவரை செய்த பணிகளுக்குக் கணக்கும் கேட்கவில்லை. தம்மீது அவருக்கு அன்பு உண்டா என்று மட்டுமே மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் பேதுரு ஆம் என்று விடை பகர்ந்த பின்னரே, தமது மந்தையைப் பேணும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். இந்த ஒழுங்கை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் அன்பு; அதன் பின்னரே பணி. திருச்சபையின் எல்லா நற்செயல்களுக்கும் அன்று அந்தக் கடற்கரையில் இடப்பட்ட அடித்தளம் இதுவே.

விசுவாசமா, நற்செயலா என்று கிறிஸ்தவ உலகம் நெடுங்காலம் வழக்காடியது. விசுவாசத்தால் மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆகின்றனர் என்று புனித பவுல் அடிகளார் எழுதினார். செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்று புனித யாக்கோபு எச்சரித்தார். இவ்விரண்டையும் முரண்பட்டனவாகக் கருதியோர் பலர். ஆயினும் அதே பவுல் அடிகளார், கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில், அன்பின் வழியாய்ச் செயலாற்றும் விசுவாசமே பயனுடையது எனத் தெளிவுபடுத்துகிறார். 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் திகதி ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் கூட்டுப் பிரகடனமொன்றில் ஒப்பமிட்டன. மனிதர் இறையருளினாலேயே ஏற்புடையவர் ஆகின்றனர் என்றும், அவ்வருளின் கனியாகவே நற்செயல்கள் பிறக்கின்றன என்றும் இரு சாராரும் அதில் ஒருமனமாக ஏற்றுக்கொண்டனர். விசுவாசம் மரமென்றால் நற்செயல் அதன் கனி. இரண்டையும் தாங்கி நிற்கும் ஆணிவேர் அன்பு. வேரற்ற மரம் சில நாள் பசுமையாய்த் தோன்றலாம். அடுத்த வாடைக்காற்றில் அது சாய்ந்துவிடும்.

அன்பு அற்றுப்போன சமயப்பற்று எத்தகைய செயலில் போய் முடியும் என்பதற்கு நமது துறைமுக நகரமே சான்று பகர்கிறது. 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்துத் தள்ளினர். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் அழிப்பர் என்னும் கருத்தமைந்த தமிழ்க் கல்வெட்டின் துண்டொன்று பிரெடரிக் கோட்டை வாயிலில் இன்றும் காணப்படுகிறது. அவ்வழியே செல்லும் கத்தோலிக்கர் அதைக் காணாததுபோல் கடந்துவிடலாகாது. கற்களைப் பெயர்த்தவர்கள் சிலுவையை வணங்கியவர்கள், திருப்பலியில் பங்குகொண்டவர்கள். அவர்களிடம் சமயப்பற்று இருந்தது. அயலவன்மீது அன்பு இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் பிற பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் எதிராய்ச் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பகிரங்கமாய் மன்னிப்பு வேண்டினார். அந்த மன்றாட்டில் நமது கோணமலைக்கும் பங்குண்டு என்று எண்ணிப் பார்ப்பது தகும்.

இதே தீவின் வரலாறு மற்றொரு வழியையும் நமக்குக் காட்டுகிறது. 1639இல் திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658இல் போர்த்துக்கேயரின் ஆட்சி இலங்கையில் முற்றாக முடிவுற்றது. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. கோட்டையும் இல்லை, படையும் இல்லை, அரச ஆதரவும் இல்லை. அந்த நாளில், 1687ஆம் ஆண்டில், கோவாவிலிருந்து ஒரு குருவானவர் இரவலர் கோலத்தில் இந்நாட்டில் கால்பதித்தார். அவரே புனித யோசேப் வாஸ் அடிகளார். 1697இல் கண்டியில் பெரியம்மை நோய் பரவியபோது அரசனும் குடிகளும் நகரைவிட்டு அகன்றனர். உறவினரே கைவிட்டுச் சென்ற நோயாளரை அடிகளாரும் உடனிருந்த குருவானவரும் தேடிச்சென்று, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை நல்லடக்கம் செய்தனர். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ், சமய வேறுபாடு பாராது தேவையில் உள்ளோருக்கு அவர் ஆற்றிய பணியையே நமக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார். பீரங்கிகள் சாதிக்காததை ஒரு நோயாளியின் புண்ணைக் கழுவிய கரங்கள் சாதித்தன. ஆயினும் எதையும் சாதிப்பதற்காக அவர் அப்பணியைச் செய்யவில்லை என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் காலத்திற்கு அண்மையில் வருவோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த யூஜின் ஜோன் ஹெபேர் அடிகளார், இயேசு சபைத் துறவியாக 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணிபுரிந்து, மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். மட்டக்களப்பில் கிழக்கிலங்கைத் தொழில்நுட்ப நிலையத்தை நடத்தி, இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்தார். ஒரு சிறுவனுக்குப் பந்தெறியக் கற்பிப்பதால் திருச்சபைக்கு என்ன பயன் என்று கணக்குப் பார்ப்போர் கேட்கக்கூடும். அன்பு அத்தகைய கணக்கை அறியாது. தன் முன்னே நிற்கும் சிறுவன் நன்றாய் வளர வேண்டும் என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் கிழக்கு மண்ணில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தனர். அப்பாவிகளின் குருதி இரு தரப்பிலும் சிந்தப்பட்டது. வெளிநாட்டவரான அடிகளார் நாட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார். அவர் புறப்படவில்லை. அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழா நாளாகிய 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கித் தமது மோட்டார் ஸ்கூட்டரில் சென்றபோது, உடன் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 66. இருவரும் திரும்பி வரவேயில்லை. கிழக்கில் காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக இன்றும் காத்திருக்கும் எத்தனையோ அன்னையரின் வேதனையில், கடல் கடந்து வந்த இந்தத் துறவியும் பங்காளியானார். கடமைக்காக மட்டும் வந்தவர் ஆபத்து வந்ததும் கடமையின் எல்லையைக் குறித்துச் சிந்திப்பார். அன்புக்காக வந்தவருக்கு அந்த எல்லை எங்கேயென்று தெரியாது.

அன்பு வாசகர்களே, இங்கே நாம் எதிர்கொள்ள வேண்டிய கடினமான கேள்வியொன்று உண்டு. நமது நற்செயல்களைக் காணும் பிற சமயத்தவர், இதன் பின்னே ஏதேனும் உள்நோக்கம் உண்டோ என்று ஐயுறும் காலத்தில் நாம் வாழ்கிறோம். 2004ஆம் ஆண்டில், கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்வதற்கென ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. நிவாரணப் பொதியோடு சமயப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் குறித்த முறைப்பாடுகள் அப்போது எழுந்தன. சட்டத்தைக் கொண்டு மனச்சான்றைக் கட்டுப்படுத்துவது முறையன்று என்று திருச்சபை கூறியது சரியே. ஆயினும், பசித்தவனின் பசியைக் கருவியாக்குவதும் அன்பன்று என்று நம் உள்ளங்களுக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி கையொப்பமிட்ட தமது முதலாவது சுற்றுமடலுக்கு அன்பையே பொருளாக்கினார். பிறரன்புப் பணியை மதமாற்றத்துக்கான வழியாகப் பயன்படுத்தலாகாது என்று அதில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். உதவி பெறுபவர் கொடுப்பவரால் தாழ்த்தப்படாதிருக்க வேண்டுமாயின், கொடுப்பவர் கொடையோடு தம்மையும் கொடுக்க வேண்டும் என்றும் அவர் உணர்த்தினார். நமது மறைமாவட்டங்களில் இயங்கும் காரித்தாஸ் நிறுவனத்தின் பெயரே அன்பு என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல் அல்லவா? நாம் கூடிச் செபிக்கும் சிறு குழுவுக்கு அன்பியம் என்றே பெயரிட்டிருக்கிறோம். பெயரில் உள்ளது நம் நெஞ்சிலும் உள்ளதா?

சீனன்குடாவில் ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பப்பட்ட 99 பாரிய எண்ணெய்த் தாங்கிகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் பல, பல்லாண்டுகளாகக் காட்டுக்குள்ளே வெறுமையாய் நின்றன. தொலைவிலிருந்து நோக்குவோருக்கு நிறைந்த தாங்கியும் வெறுந்தாங்கியும் ஒன்றுபோலவே தோன்றும். தட்டிப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். அன்பில்லாதவன் ஓசையிடும் வெண்கலத்துக்கு ஒப்பானவன் என்று கொரிந்தியருக்குப் பவுல் அடிகளார் எழுதியதன் பொருள் இதுவே. உடைமை முழுவதையும் வறியோருக்கு வாரி வழங்கினாலும் அன்பின்றேல் அதனால் பயனில்லை என்று அவர் கூறுவது நம்மை அச்சுறுத்த வேண்டும். ஏனெனில், அன்பின்றியும் தானம் செய்ய இயலும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் மூத்த மகனை நினைவுகூருங்கள். அவன் வீட்டைவிட்டு ஓடியவனல்லன், சொத்தை அழித்தவனல்லன். ஆண்டுகள் பல வயலில் உழைத்தான். தந்தையின் கட்டளை ஒன்றையும் மீறவில்லை. ஆயினும் தம்பி திரும்பிவந்த நாளில் அவன் நெஞ்சில் இருந்தது வெளிப்பட்டுவிட்டது. இத்தனை காலமும் மகனாக அல்ல, கூலிக்காரனாகவே அவன் உழைத்திருக்கிறான், கணக்கெழுதி வைத்திருக்கிறான். ஞாயிறு திருப்பலி தவறாத நம்முள்ளும் இந்த மூத்த மகன் குடியிருக்கக்கூடும்.

ஆலயத்துக்கு நாம் வழங்கிய மின்விசிறியில் நம் பெயர் பொறிக்கப்படவில்லை என்று மனம் வருந்துகிறோமா? 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் வெள்ளம் நாட்டை வாட்டியபோது உலருணவுப் பொதி வழங்கியவர்கள், பெற்றுக்கொண்டவரின் முகத்தையும் படம்பிடித்துப் பிறர் பார்வைக்கு வைத்தோமா? வெளிநாட்டிலிருந்து திருவிழாச் செலவுக்குப் பணம் அனுப்பும் நாம், ஊரில் தனித்திருக்கும் பெரியம்மாவுடன் பேசி எத்தனை மாதம் ஆயிற்று? காணிப் பிணக்கினால் உடன்பிறந்தவனோடு பேசாதிருந்துகொண்டு, தவக்காலத்தில் பட்டினி கிடப்பதால் யாருக்கு நன்மை? நற்செயல்களைக் குறைத்துக்கொள்ளும்படி இவற்றைக் கூறவில்லை. அவற்றுக்கு உயிரூட்டும்படியே கூறுகிறோம்.

'எனக்கு அத்தகைய அன்பு உள்ளத்தில் எழவில்லையே; நான் என்ன செய்வேன்?' என்று நேர்மையாய்க் கேட்போரும் உண்டு. அவர்களுக்குப் புனித தோமா அக்குவினாரின் போதனை ஆறுதல் தரும். அன்பு என்பது பிறருக்கு நன்மை விளைய வேண்டுமென விரும்புவது என்று அவர் கற்பித்தார். உணர்ச்சி வரும், போகும். விருப்பமோ நாம் தீர்மானிப்பது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை நள்ளிரவில் மூன்றாம் முறையும் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கும் மருமகளின் உள்ளத்தில் அந்நேரம் இனிய உணர்ச்சி எதுவும் இல்லாதிருக்கலாம். சலிப்பும் தூக்கமுமே இருக்கலாம். ஆயினும் அந்த முதியவளுக்கு நோவு குறைய வேண்டும் என்று அவள் விரும்புகிறாள், எழுகிறாள். அதுவே அன்பு. ஆகவே அன்பு பெருகட்டும் என்று காத்திருந்து நற்செயலை ஒத்திவைக்க வேண்டாம். செய்யும் செயலின் நடுவிலேயே அன்புக்காக மன்றாடுங்கள். அன்பு முதற்கண் நம்முடைய முயற்சியன்று. கடவுள் நம்மை முந்தி அன்புசெய்தார் என்று புனித யோவான் தமது திருமுகத்தில் கற்பிக்கிறார். கடற்கரையில் பேதுருவிடம் அன்பைக் கேட்பதற்கு முன்னரே, ஆண்டவர் அவருக்கு மீனும் அப்பமும் கொடுத்துவிட்டார் அல்லவா?

இந்த வாரம் உங்கள் இல்லத்தின் குடும்பச் செபத்துக்குப் பின், ஒரு முடிவை ஒன்றாய் எடுங்கள். திருப்பிச் செய்ய இயலாத ஒருவருக்கு, எவரும் அறியாதவண்ணம் ஒரு நன்மை செய்யுங்கள். அவர் உங்கள் பங்கைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. மூதூரிலோ கிண்ணியாவிலோ சேருவிலவிலோ வாழும், வேறு மொழி பேசும், வேறு விதமாய் இறைவனைத் தொழும் ஒருவராகவும் இருக்கலாம். அதைப் பிள்ளைகளின் கரங்களாலேயே செய்வியுங்கள். செய்தபின் அதைப்பற்றிப் பேசாதிருக்கவும் அவர்களுக்குக் கற்பியுங்கள்.

இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் பசித்தோரையும் நோயுற்றோரையும் அன்னியரையும் குறித்தே வினவுவார் என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அந்நாளில் வலப்புறம் நிற்போர், தாங்கள் எப்போது அவருக்கு உதவினோம் என்று வியந்து கேட்பர். அவர்கள் கணக்கெழுதி வைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நம் குடும்பங்களும் காணப்பட, அன்பே உருவான இறைவன் நமக்கு அருள்புரிவாராக.