காற்று உப்பைக் கொண்டுபோகாது

கழுவிய காரைத் துணியால் தொடாதீர்கள், காற்றடித்துக் காயவையுங்கள் என்ற அறிவுரை மதுரைப் பக்கம் வேகமாகப் பரவி வருகிறது. துணி பெயின்டைக் கீறும், காற்று எதையும் தொடாது, ஆகவே காற்றுதான் பாதுகாப்பு என்பது அதன் வாதம். தோட்டத்துச் சருகை ஒதுக்கப் பிறந்த லீஃப் புளோயரும், அதன் சிறிய வடிவமான கை புளோயரும் இந்த நம்பிக்கையின் பேரில்தான் கார் வைத்திருப்பவர்களின் வீட்டுக்குள் நுழைகின்றன. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், கார் எந்தத் தண்ணீரில் கழுவப்படுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. புல்தரையும் இலையுதிர் காலமும் உள்ள நாடுகளின் வீடியோக்களிலிருந்து வந்த யோசனை அது. நம் ஊர்த் தண்ணீர் வேறு.

மதுரையைச் சுற்றியிருப்பது கடினப் பாறை நிலம். அந்தப் பாறைகளின் இடுக்கில் தங்கிக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்ட நீரைத்தான் போர்வெல் மேலே கொண்டுவருகிறது. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று பிரித்துப் பேசும் வழக்கம் இங்கே சும்மா வரவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012 குடிநீர்த் தரம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஒப்புக்கொள்கிறது. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரில் கழுவிய காரின் மேல் அரை லிட்டர் நீர் தங்குவதாக வைத்துக்கொள்வோம். அது அங்கேயே காய்ந்தால் முக்கால் கிராம் உப்பு பெயின்டின் மேல் தங்கிவிடும். ஒரு கழுவலுக்கு இவ்வளவு என்றால், வாரம் ஒருமுறை கழுவும் காரின் கதி என்ன?

புளோயர் உருண்டு நிற்கும் பெரிய துளிகளைத் தள்ளிவிடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெயின்டோடு ஒட்டிப் படலமாக நிற்கும் நீரை அது தள்ளுவதில்லை, ஆவியாக்குகிறது. நீர் போகும், உப்பு போகாது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலையும் இதுதான். கூரையில் தொடங்கி ஒரு சுற்று ஊதி முடிப்பதற்குள், சித்திரை வெயிலில் காய்ந்த பானட்டின் மேல் துளிகள் வெள்ளை வளையமாகிவிடும். நீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் காயும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. அதன்பின் வெறும் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அது கரையாது. குளியலறைக் குழாயிலும் கீசர் காயிலிலும் படியும் அதே வெள்ளைதான். அதை எடுக்க அமிலம் கலந்த திரவம் வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் மெஷின். காரின் மேல்பூச்சான கிளியர் கோட் பெரும்பாலும் 50 மைக்ரான் அளவே தடிமன் கொண்டது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைத் தேய்த்தெடுக்கிறது. தொடாமல் காப்பாற்றுவதாகச் சொன்ன முறை, கடைசியில் துணியைவிடக் கடுமையாகத் தொடவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

காற்று எதையும் தொடாது என்பதும் உண்மையில்லை. பல லீஃப் புளோயர்களின் காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அவ்வளவு வேகத்தில் பாயும் காற்று, சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டுதான் போகும். மேலூர்ச் சாலையோரத்திலோ, கான்கிரீட் போடாத புறநகர் மனை வாசலிலோ அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்பதை இங்கே வாழ்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் பறக்கும் மணலிலும் கிரானைட் துகளிலும் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தன்மைக்கான மோஸ் அளவையில் 7, கண்ணாடியையே கீறக்கூடியது. காருக்கென்றே தயாராகும் உலர்த்திகளில் உள்ளிழுக்கும் வாயில் வடிகட்டி உண்டு. சருகுக்குச் செய்த கருவியில் பெரும்பாலும் கம்பித் தடுப்பு மட்டுமே.

துணி கீறாதா என்பார்கள். கீறும், அது பழைய பனியனாகவோ, தரையில் விழுந்து மண் ஒட்டியதாகவோ இருந்தால். கீறுவது துணியல்ல, அதில் சிக்கிய மண். ஷாம்பூ போட்டு நன்றாக அலசி மண் போன பிறகு, தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு, அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் கீறல் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒற்றியெடுக்கும்போது நீர் மட்டும் வருவதில்லை, அதில் கரைந்த உப்பும் சேர்ந்து வருகிறது. எவர்சில்வர் குடத்தை ஈரத்தோடு விட்டால் திட்டு விழும் என்று, கழுவியதும் துடைத்துக் கவிழ்க்கும் பெண்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. கண்ணாடி மடிப்பு, கதவிடுக்கு, சக்கர நட்டு போன்ற துணி நுழையாத இடங்களுக்குப் புளோயர் உதவும் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்ளலாம். துடைத்த பிறகு அங்கே ஊதிக்கொள்ளட்டும். செராமிக் பூச்சுள்ள காரில் நீர் எளிதாக ஓடிவிடும் என்பதும் சரி. ஆனால் ஓடாமல் நின்ற துளியிலும் அதே உப்புதான் இருக்கிறது.

எந்த நீரில் அலசுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணத்தில் சிலர் ஆர்.ஓ. கழிவு நீரைப் பிடித்துக் காருக்கு ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ. கருவிக்குள் போகும் நீரில் பாதி கழிவாக வெளியேறினால், அதில் உப்பின் செறிவு ஏறக்குறைய இருமடங்கு. காருக்கு அதைவிடக் கேடான நீர் வீட்டில் கிடையாது. அந்த நீர் தரை கழுவப் போகட்டும். 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேமிப்பில், நிலத்துக்கு அனுப்பாமல் தொட்டியில் பிடித்தது இருந்தால் அது கடைசி அலசலுக்கு மிக நல்லது. கோடையில் அதுவும் இல்லையென்றால், ஏசியின் குழாயிலிருந்து சொட்டி வீணாகும் நீர் இருக்கிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த அந்த நீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். இரவு முழுக்க ஓடும் ஏசியில் சில லிட்டராவது சேரும். போர் தண்ணீரில் கழுவி, கடைசியாக அதை மேலிருந்து மெல்ல ஊற்றி அலசினால், துடைக்க மறந்த மூலையிலும் வெள்ளைப் புள்ளி விழாது.