எழுபதுக்கு எழுபது

பழங்காசு சேகரிப்போரிடையே சில ஆண்டுகளாக ஒரு புதிய பக்தி பரவிவருகிறது. காசைப் பார்ப்பதற்கு முன் அதன் பேழையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தி. பாலக்கரையில் நூலும் நாணயமுமாகக் கூடிப் பேசுகிற எங்கள் சிறு வட்டத்துக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. ஆகவே, இலக்கிய வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும், இம்முறை காசைப் பற்றி எழுதுகிறோம்.

செய்தி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரு பெரிய நிறுவனங்கள் உள்ளன. முன்னது 1986இலும் பின்னது 1987இலும் தொழிலைத் தொடங்கின. கட்டணம் கட்டி நாணயத்தை அனுப்பினால், அது மெய்யானதா என்று பார்த்து, 1 முதல் 70 வரையிலான ஓர் எண்ணைச் சூட்டி, பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 70 என்றால் குறையே இல்லாதது. ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஆடியில் பார்த்தாலும், அச்சடித்த பிறகு நேர்ந்த ஒரு கீறலோ மறுவோ தெரியக்கூடாது. இந்திய ஏலப் பட்டியல்களிலும் இப்பேழைகள் இப்போது தாராளமாக வருகின்றன. இந்த முழு எண் நியாயமாக வழங்கப்படுகிறதா என்பதே கேள்வி. இல்லை என்கிறோம். தரமிடுபவர்கள் அனைவரும் களவாணிகள் என்பது எங்கள் வாதமன்று. நியாயமாக வழங்கப்பட்டதா என்று வெளியார் எவரும் சோதித்தறிய வழியில்லாதபடி அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது என்கிறோம்.

இந்த எழுபது எங்கிருந்து வந்தது? வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் நாட்டின் பழைய செப்புச் சென்ட்டுகளைப் பற்றி 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். மிகத் தேய்ந்த காசின் விலை ஒன்று என்றால், அப்பழுக்கற்றதன் விலை அதைப்போல் எழுபது மடங்கு என்று அன்றைய சந்தையை வைத்துக் கணக்கிட்டார். ஆக, எழுபது பிறக்கும்போதே விலைப்பட்டியலாகப் பிறந்தது. அந்த விலை விகிதம் சில ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனது. எண் மட்டும் நிலைத்துவிட்டது. இதே ஷெல்டன்தான் மனித உடல்களுக்கும் 1 முதல் 7 வரை எண் போட்டு, உடலமைப்பிலிருந்து குணத்தைச் சொல்ல முயன்றவர். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த உயர்ந்த சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தம்மிடமிருந்த தாழ்ந்தவற்றை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் 1977இல் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. ஒருவருடைய ஒழுக்கத்தைக் கொண்டு அவர் வகுத்த அளவுகோலைத் தள்ளுவது முறையாகாது. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

காசைச் சோதித்துச் சொல்லும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் புலவர் பெயர்களைப் புரட்டினால் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடவண்ணக்கன் தாமோதரனார் என்று வருகின்றன. வண்ணக்கன் என்பதற்கு நாணயம் சோதிப்பவன் என்று அகராதி பொருள் தருகிறது. பகலில் காசைச் சோதித்துவிட்டு இரவில் பாட்டெழுதியிருப்பார்கள் போலும். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், நகைகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன என்று கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதைச் சொல்லாமல் இவ்வளவு கழஞ்சு என்று மட்டும் சொல்வது அவர்களுக்குப் போதவில்லை.

இன்றும் பாலக்கரையிலிருந்து நடந்தே பெரிய கடைவீதிக்குப் போகலாம். அங்கே பழைய பழக்கம் விடாத பொற்கொல்லர் உரைகல்லில் நகையை ஓர் இழுப்பு இழுத்து, அதன் பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியையும் இழுத்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிடுவார். விற்க வந்தவரும் குனிந்து பார்க்கலாம். ஐயமிருந்தால் அடுத்த கடைக்குப் போய் இன்னொரு கல்லில் உரைக்கலாம். 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரைக்கும் நகைக்கடைதான் கட்டணம் கட்டுகிறது. ஆனால் 916 என்று அடித்திருப்பது பொய்யானால், உருக்கிப் பார்த்துப் பொய்யென்று நிறுவ முடியும். 70 என்பதை எதை உருக்கி நிறுவுவது?

இந்த நிறுவனங்கள் யாருடையவை என்பதையும் பார்ப்போம். பிசிஜிஎஸ்ஸைத் தொடங்கியவர்கள் நாணய வணிகர்கள். 2021இல் அதன் தாய் நிறுவனத்தை ஒரு முதலீட்டாளர் குழு பங்குச் சந்தையிலிருந்து வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் என்ஜிசியின் தாய் நிறுவனத்தில் பெரும்பங்கை பிளாக்ஸ்டோன் வாங்கியது. இவர்களுக்குக் கூலி கொடுப்பவர் நாணயத்தை விற்கப்போகிறவர். மொத்தமாக அனுப்பும் வணிகர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: ‘குறைந்தபட்சம் இந்தத் தரம், அதற்குக் கீழே வந்தால் பேழையிலிடாமல் திருப்பி அனுப்புக’ என்று முன்கூட்டியே சொல்லலாம். தேறாதவை சீட்டில்லாமல் திரும்பிவிடும். வாங்குபவர் கண்ணில் படுபவை தேறியவை மட்டுமே. நூறு மாணவர் எழுதி, தேறிய பத்துப் பேரின் பெயரை மட்டும் வெளியிடும் தனிப்பயிற்சிக் கூடங்களை நம் ஊரிலும் கண்டிருக்கிறோம்.

69 வாங்கிய காசைப் பேழையை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பவும் தடையில்லை. மறுபடியும் 69 என்றால் மறுபடியும் உடைக்கலாம். ஒரு முறை 70 விழுந்தால் போதும், பிறகு எவரும் உடைக்கமாட்டார்கள். தரமிடுபவரின் கை இரு பக்கமும் சமமாகத் தவறினாலும், சந்தையில் தங்குவது மேல்பக்கத் தவறுகளே.

எதிர்த்தரப்பில் நியாயமில்லாமல் இல்லை. 1986க்கு முன் பெரும்பாலும் வணிகர் வாய்ச்சொல்லே தரமாக இருந்தது. வாங்கும்போது தேய்ந்தது, விற்கும்போது புதிது என்று ஒரே காசுக்கு இரு நாக்கு இருந்தது. போலிகளைப் பிடித்ததில் இந்நிறுவனங்களின் பங்கு பெரிது. உரிமையாளர் யாரென்று தெரியாமலேயே ஒன்றுக்கு மேற்பட்டவர் பார்த்துத்தான் எண் போடுகிறார்கள். இவற்றை ஏற்கிறோம். மெய்யா போலியா என்று சொல்வதற்கு அவர்கள் வாங்கும் கூலியை எவரும் குறைசொல்ல முடியாது. எங்கள் வழக்கு 69க்கும் 70க்கும் இடையிலான அந்த மயிரிழை பற்றியதே. 1963இல் அமெரிக்க அக்கசாலை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட புரூஃப் தொகுப்புகளை விற்றது. ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட் உண்டு. அவற்றுள் 70 பெற்ற ஒரு சென்ட் 2003இல் 39,100 டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டில் காயின் வேர்ல்ட் இதழ், ஒரே காசுகளைப் பல நிறுவனங்களுக்கு மாறி மாறி அனுப்பிச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஒரு காசுக்குக்கூட எல்லா நிறுவனங்களும் ஒரே தரத்தைத் தரவில்லை. அதற்கு முன்பே, 1990இல், தரமிடலின் புறநிலைத்தன்மையை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிசிஜிஎஸ் மீது வழக்குத் தொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்து, விளம்பரங்களில் பொறுப்புத் துறப்பு வாசகம் சேர்க்க இசைந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. என்ஜிசியைத் தொடங்கிய ஜான் அல்பனீஸ், 2007இல் சிஏசி என்று வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். பேழையில் உள்ள எண்ணுக்குக் காசு உண்மையிலேயே தகுதியானதா என்று பார்த்துப் பேழைமேல் பச்சை ஒட்டி ஒட்டுவது அதன் வேலை. 2023இல் அதுவும் நேரடியாகத் தரமிடத் தொடங்கிவிட்டது. இனி அதன் பேழைக்கு யார் ஒட்டி ஒட்டுவார்கள் என்று காத்திருக்கிறோம்.

நம் பகுதிக் காசுகளை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தால் அதன் வறுமை தெரியும். 1898இல் புதுக்கோட்டைக்கு அருகே கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். எழுபதின் மொழியில் அது சேதம். வரலாற்றுக்கோ, எடை குறைந்த காசு இனிச் செல்லாதபடி யாரோ வேண்டுமென்றே வெட்டிய வெட்டு; அந்தத் தொகுதி பேசுவதே அந்த வெட்டினால்தான். 2020 பிப்ரவரியில் திருவானைக்கா கோயில் வளாகத்தில் தோண்டும்போது ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. மொத்த எடை 1,716 கிராம். வகுத்தால் ஒரு காசுக்கு ஏறத்தாழ 3.4 கிராம், அதாவது வராகன் எடை. பேழையும் சீட்டும் இல்லாமல் ஒரு தராசே இவ்வளவு சொல்லிவிடுகிறது.

பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010ஆம் ஆண்டிட்டு இந்திய அரசு 1000 ரூபாய் நாணயம் ஒன்றை அச்சிட்டதை வாசகர் அறிவர். அக்கசாலை தந்த உறையைப் பிரித்து, அதைக் கடல்கடந்து அனுப்பி எண் வாங்கலாமா என்று எங்கள் வட்டத்து இளைஞர் ஒருவர் கேட்டார். அனுப்பட்டும். ஆனால் 70 என்று வந்தால், எந்த ஒப்புக்காசோடு வைத்துப் பார்த்தார்கள், எத்தனை பேர் 70 என்றார்கள், எத்தனை பேர் 69 என்றார்கள், இந்தக் காசு இதற்குமுன் எத்தனை முறை உடைத்து அனுப்பப்பட்டது என்ற நான்கையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லட்டும். எழுதித் தந்தால், அந்த ஓர் எண்ணுக்காக அவர் கேட்கும் கூடுதல் விலையை நாங்களே கொடுக்கிறோம்.