முற்று, முக்கால், அரை, கால்

“கணினியில் தேடினால் கிடைத்துவிடும், அலமாரியில் எது எங்கே நின்றால் என்ன?” என்று பேராசிரியர்களே கேட்கத் தொடங்கிவிட்டனர். இக்கேள்வி பெங்களூருவில் எழுவதுதான் வேதனை. கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்ட எஸ். ஆர். அரங்கநாதன், 1957-இல் வந்து குடியேறிய நகரம் இது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆவணப்படுத்தல் பயிற்சி மையத்தை 1962-இல் அவர் தொடங்கியதும், 1972-இல் மறைந்ததும் இங்கேதான்.

கணினி தருவது எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்குரிய இடத்தில் நூல் இல்லையென்றால், “நூலகத்தில் உள்ளது” என்று திரை சொல்லிக்கொண்டே இருக்கும். நூலோ தொலைந்ததற்குச் சமம். திருடுபோன நூலுக்காவது மாற்றுப்படி வாங்குவார்கள்.

அழைப்பெண்களை வரிசைப்படுத்துவது எவரும் செய்யக்கூடிய எடுபிடி வேலை என்பது அடுத்த மூடநம்பிக்கை. டூயி தசம முறையில் 025.431 முன்னும் 025.5 பின்னும் நிற்கவேண்டும். 431 பெரிது, 5 சிறிது என்று எண்ணுபவர் கையில் அந்தத் தட்டே குலைந்துபோகும்.

கோலன் முறையிலோ நிறுத்தக்குறிகளுக்கும் வரிசை மதிப்பு உண்டு. முற்றுப்புள்ளி முதலில், பின்னர் முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, இறுதியில் காற்புள்ளி. (முற்று, முக்கால், அரை, கால் என்று தமிழ்ப் பெயர்களே இறங்குவரிசையில் அமைந்துவிட்டன. தற்செயல்தான், ஆயினும் தமிழ் மாணவருக்கு இதைவிட எளிய மனப்பாடம் வேறில்லை.) இவ்வரிசையின் பயன் என்ன? வேளாண்மைப் பொதுநூல்கள், அடுத்து இந்திய வேளாண்மை, பின் பயிர்நோய்கள், பின் நெல், அதன்பின் நெற்பயிர் நோய்கள் எனப் பொதுமையிலிருந்து நுண்மைக்கு அலமாரியே நம்மை நடத்திச் செல்கிறது. இதே எண்களைக் கணினியின் ஆஸ்கி வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள்: கடைசியில் வரவேண்டிய காற்புள்ளி முற்றுப்புள்ளிக்கும் முன்னால் வந்து நிற்கும். கணினியைக் குறைசொல்வதில் பொருளில்லை. எவரும் அதற்கு விதியைக் கற்பிக்கவில்லை.

தமிழ் நூல்களுக்கு நேரும் கொடுமை தனி. ஆசிரியர் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளை முதுகில் ஒட்டும் வழக்கம் பல நூலகங்களில் இருக்கிறது. ‘அழகிரி’யின் ழகரத்தை ஒருவர் ‘இசட்’ கொண்டும் இன்னொருவர் ‘எல்’ கொண்டும் எழுத, ஓர் ஆசிரியரின் நூல்கள் ஒரே தட்டின் இரு முனைகளில் பிரிந்து கிடக்கின்றன. அரங்கநாதனின் நூலெண் வெளியீட்டு ஆண்டை அடிப்படையாகக் கொண்டது. அதில் இந்த ஒலிபெயர்ப்புச் சிக்கலே எழாது. அதை வேண்டாமென்று ஒதுக்குவோர், தமிழ் நூலுக்குத் தமிழ் எழுத்திலேனும் குறியிடலாமே?

நூலகவியல் மாணவர் அழைப்பெண்களை வரிசைப்படுத்தித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறார். பட்டம் பெற்றபின் அவருக்கு மேசை. அடுக்கும் பொறுப்பு, ஒரு நாள் பயிற்சியும் அளிக்கப்படாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு. நூல் காணவில்லையென்றால் வசவும் அத்தொழிலாளிக்கே. இலட்சக்கணக்கில் மின்தரவுத்தளச் சந்தா கட்டும் நிறுவனங்கள், அலமாரியை நாள்தோறும் சரிபார்க்கும் இருவருக்கு முறையான ஊதியமும் பயிற்சியும் தர நிதியில்லை என்கின்றன. அடுத்த நூலகக் குழுக் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கு மேசைக்கு வரும்போது, ஆய்வு மாணவர் பிரதிநிதிகள் முதலில் கேட்கவேண்டியது அந்த இரண்டு பணியிடங்களைத்தான்.