கிளி எடுத்த சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தபோது, மடிப்பாக்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் மருமகனை வந்து என்னன்னு கேளு. தினம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எவனுக்கோ வேலை பாக்கறான். ஆபீஸ் வேலையாடான்னா இல்லேங்கறான். சம்பளம் தருவாங்களாடான்னா சிரிக்கறான். இப்ப மூணு நாளா சிரிப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. காதல் தோல்வின்னாக்கூட எனக்குப் புரியும்டா!"

சாயங்காலம் போனேன். பையன் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க் நிழலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன மாப்ளே?" என்றேன். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

உலகம் முழுக்கப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் மொழி தயாரிக்கிறார்கள். முதலாளி கிடையாது. எழுதினதையெல்லாம் திறந்து வைத்துவிடுவார்கள், யாரும் எடுக்கலாம், திருத்தலாம். 'ஓப்பன் சோர்ஸ்' என்பார்களே, அது. ஊர் கூடித் தேர் இழுக்கிற காரியம். இவனும் ஒரு வடத்தைப் பிடித்திருக்கிறான். அந்த மொழியின் விர்ச்சுவல் மெஷினில் ஒரு பகுதியை எட்டு மாதம் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். போன வாரம் கோஷ்டி கூடிப் பேசி, தேரை வேறு வீதியில் விடுவதென்று முடிவு செய்துவிட்டார்கள்.

"நல்லா எழுதியிருக்கே, ஆனா நாம வேற வழியில போறோம்னு ரெண்டே வரி மாமா. எட்டு மாசம் அவ்வளவுதான்."

எனக்கு இந்த வலி தெரியும். 1990களில் நான் இருந்த ஆபீஸில் (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது) மூன்று பேர் சேர்ந்து இரண்டு வருஷம் சம்பளப் பட்டியல் ப்ரோகிராம் ஒன்று எழுதினோம். புதிதாக வந்த மானேஜர் கடையில் ரெடிமேடாக ஒன்று வாங்கினார். எங்கள் ஃப்ளாப்பிகளை ப்யூன் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்குக் கீழே தள்ளினான். அன்றைக்கு நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

"உனக்கு ஒரு கிளிக் கதை சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

கதைக்கு முன்னால், கீழே அக்காவுக்கு விளக்கின மாதிரி உங்களுக்கும் விர்ச்சுவல் மெஷின் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரின் சிப்புக்கு ஒரு பாஷை, கையிலிருக்கும் போனின் சிப்புக்கு வேறு பாஷை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ப்ரோகிராம் எழுதினால் கட்டுப்படியாகுமா? அதனால் இல்லாத மெஷின் ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ப்ரோகிராம் அந்தக் கற்பனை மெஷினுக்காகத் தயாராகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் அந்த மெஷின்" என்று வேஷம் கட்டுகிறது. கல்யாணச் சமையல் கோஷ்டி மாதிரி. எந்த ஊர் மண்டபமானாலும் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் அவர்களே கொண்டுபோய்விடுவதால், சாம்பார் மட்டும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. 1995-ல் வந்த ஜாவா இந்த வித்தையில்தான் பிரபலமானது.

இனி கிளி.

லாரி வால் என்று ஒரு அமெரிக்கர். மொழியியல் படித்தவர். எழுத்தே இல்லாத ஏதாவதொரு மொழியைத் தேடிப் போய், அதற்கு எழுத்து உண்டாக்கி, அதில் பைபிளை மொழிபெயர்க்க வேண்டும் என்று மனைவியோடு சேர்ந்து திட்டமிட்டிருந்தவர். உடம்பு ஒத்துழைக்காததால் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். 1987 டிசம்பரில் 'பெர்ல்' என்ற மொழியை எழுதி இலவசமாக வெளியிட்டார். 1990களில் இன்டர்நெட் வளர்ந்தபோது அதன் பின்கட்டில் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததெல்லாம் பெரும்பாலும் பெர்ல்தான். ஒரு காரியத்தைச் செய்யப் பல வழி உண்டு என்பது அதன் தாரக மந்திரம். அதனாலேயே ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குப் புரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எழுதினவருக்கே புரியாது.

2000 ஜூலை. கலிஃபோர்னியாவில் மாண்டரே என்ற கடற்கரை ஊரில் மாநாடு. பெர்ல் பெரியவர்கள் ஒரு அறையில் கூடி நிர்வாக விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜான் ஆர்வண்ட் என்பவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்து, பக்கத்திலிருந்த காபிக் கோப்பைகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் எறிய ஆரம்பித்தார். ஜனங்களுக்கு பெர்ல் போரடித்துவிட்டது, புதிதாக ஏதாவது செய்யாவிட்டால் நம் கதை முடிந்தது என்பதுதான் அவர் சொல்லவந்த விஷயம். (நம் ஆபீஸ் மீட்டிங்கில் முயற்சி செய்யாதீர்கள். கோப்பைக்கான காசைச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.)

கோப்பை எறிந்ததற்குப் பலன் இருந்தது. பெர்ல் 6 என்று புதுமொழி ஒன்றை அடியிலிருந்து கட்டப்போவதாக அதே மாநாட்டில் அறிவித்தார் லாரி வால். முந்தைய பெர்ல் தான் திருத்தி எழுதியது, இதை சமூகமே எழுதட்டும் என்றார். யோசனை சொல்லுங்கள் என்று கேட்டார். இருபது வரும் என்று எதிர்பார்த்தார். வந்தவை 361!

கல்யாணப் பந்தலில் 361 சித்தப்பாக்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னால் எப்படி இருக்கும்? அவர் ஒன்றையும் படிக்காமல் தூக்கிப் போடவில்லை. அத்தனையும் படித்து, பதில் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தார். வருஷங்கள் ஓடின.

புதுமொழிக்குப் புது விர்ச்சுவல் மெஷின் வேண்டுமே? அதற்குப் பெயர் கிடைத்தது ஒரு ஏப்ரல் ஃபூல் ஜோக்கிலிருந்து. 2001 ஏப்ரல் 1 அன்று, பெர்லும் அதன் பரம வைரியான பைத்தானும் ஒன்றாகச் சேர்ந்து 'பேரட்' என்ற மொழியாகப் போகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதினவர் சைமன் கோஸன்ஸ். நம்பினவர்கள் உண்டு. பைத்தான் என்ற பெயரே பாம்பினால் வந்ததல்ல, மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் டி.வி. கோமாளிக் கூட்டத்தால் வந்தது. அந்தக் கூட்டத்தின் புகழ்பெற்ற காமெடி ஒன்றில், கடையில் வாங்கின கிளி செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் சண்டைக்கு வர, இல்லை சார், ஓய்வெடுக்கிறது என்று கடைக்காரர் சாதிப்பார். ஆக, பெயரிலேயே சகுனம் சரியில்லை.

ஜோக் நிஜமானது. அதே 2001 செப்டம்பரில் பேரட்டின் முதல் வெளியீடு வந்தது. ஆசை பெரிது. பெர்ல் மட்டுமல்ல, பைத்தான், ரூபி என்று அந்த ஜாதி மொழிகள் எல்லாமே இந்த ஒரே மெஷினில் ஓடும் என்றார்கள். அமைப்பும் வித்தியாசம். ஜாவா மெஷின் டிபன் கேரியர் மாதிரி: மேல் அடுக்கை எடுத்தால்தான் கீழ் அடுக்கு. பேரட் அஞ்சறைப்பெட்டி மாதிரி: கடுகோ மிளகோ, எது வேண்டுமோ நேராகக் கை வைக்கலாம். அதனால் வேகமாக இருக்கும் என்பது எண்ணம்.

நம்பிக்கை எவ்வளவு என்றால், 2003-ல் பேரட்டின் தலைமைச் சிற்பி டான் சுகால்ஸ்கி, பைத்தானை உண்டாக்கிய கீடோ வான் ராஸமுடன் பந்தயம் கட்டினார். அடுத்த வருஷ மாநாட்டுக்குள் பைத்தானை பைத்தானைவிட வேகமாக பேரட்டில் ஓட்டிக் காட்டுகிறேன், தோற்றவர் முகத்தில் க்ரீம் அப்பலாம் என்று. 2004 வந்தது. பேரட் தயாராகவில்லை. பந்தயம் போச்சு.

தலைமைச் சிற்பிகள் மாறினார்கள். மாதாமாதம் வெளியீடு வந்தது. 1.0 வருவதற்கு 2009 மார்ச் ஆகிவிட்டது. எல்லா மொழிக்கும் பொதுவாகத் தைத்த சட்டை எந்த மொழிக்கும் கச்சிதமாகப் பொருந்தவில்லை. பெர்ல் 6-ஐ அதன்மேல் ஓட்டிய கோஷ்டிக்கு அவசரம் ஒன்று, பேரட் கோஷ்டிக்கு அக்கறை வேறு. பழைய பெர்லுக்கும் நஷ்டம். 2002-ல் 5.8 வந்த பிறகு அடுத்த பெரிய வெளியீடான 5.10 வர 2007 டிசம்பர் ஆயிற்று. நடுவில் இளவட்டமெல்லாம் பைத்தான், பி.ஹெச்.பி., ரூபி என்று பஸ் மாறிவிட்டது. "பெர்ல் 6 எப்போது வரும்?" என்றால், "கிறிஸ்துமஸுக்கு. எந்தக் கிறிஸ்துமஸ் என்று மட்டும் கேட்காதீர்கள்" என்பதே ஸ்டாண்டர்டு பதில்.

நடுவே 2005-ல் தைவானிலிருந்து ஆட்ரி டாங் என்ற இருபத்து மூன்று வயசு நிபுணர் வந்தார். ஹாஸ்கல் என்ற மொழியில் பெர்ல் 6-ஐச் சோதனையாக எழுதிப் பார்த்தார். பெயர் 'பக்ஸ்'. அவருடைய கொள்கை விசித்திரமானது: கேட்டவர்களுக்கெல்லாம் சாவி. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நேரடியாக மாற்றலாம், வேலை ஜாலியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஜனம் குவிந்தது. மொழி இப்படி இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் டெஸ்ட்கள் எழுதிக் குவித்தார்கள். ஓரிரு வருஷத்தில் பக்ஸ் ஓய்ந்தது. ஆட்ரி டாங் 2016-ல் தைவானின் டிஜிட்டல் விவகாரங்களைக் கவனிக்கும் அமைச்சரே ஆகிவிட்டார்.

2013-ல் பெர்ல் 6-க்காக மட்டும் மோர்-வி.எம். என்ற வேறு மெஷினை ஜொனதன் வொர்திங்டனும் நண்பர்களும் வெளியில் கொண்டுவந்தார்கள். 2015-ல் கிளியைக் கைவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 25, நிஜக் கிறிஸ்துமஸ் அன்று, பெர்ல் 6 வெளியானது. கோப்பை பறந்து பதினைந்து வருஷம்! பேரட்டின் கடைசி வெளியீடு 2016 பிப்ரவரி. 2019-ல் பெர்ல் 6 தன் பெயரையும் 'ராக்கு' என்று மாற்றிக்கொண்டது. புதுத் திராட்சை ரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றக்கூடாது என்ற பைபிள் உவமையைக் காட்டி ஆசீர்வதித்தார் லாரி வால்.

கதையை முடித்தேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆக, கிளி செத்துப்போச்சு."

"செத்துத்தான் போச்சு. ஓய்வெடுக்குதுன்னு நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"பதினஞ்சு வருஷம் மாமா! எத்தனை பேரோட ராத்திரி!"

"ஆமா. அதுல எவ்வளவோ வீண்தான். ஆனா ஒண்ணு கவனிச்சியா? பக்ஸ் போச்சு, அதுக்கு எழுதின டெஸ்ட் போகலை. அதையே அடிப்படையா வச்சு வளர்த்ததுதான் அந்த மொழியோட அதிகாரபூர்வ பரீட்சைத்தாள். எது பாஸ் பண்ணுதோ அதுதான் அந்த மொழி. கிளியில கை சுட்டுக்கிட்டவங்கதான் அடுத்த மெஷினை எது கூடாதுன்னு தெரிஞ்சு கட்டினாங்க. பெர்ல் 6-க்காக யோசிச்ச சில சௌகரியம் 2007-லயே பழைய பெர்லுக்குள்ள போயிடுச்சு. கிளி எடுத்த சீட்டு யாருக்கோ பலிச்சிருக்கு. கிளிக்குத்தான் பலிக்கலை."

என் சம்பளப் பட்டியல் ப்ரோகிராமைப் பற்றியும் நினைத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டிக்குள் போனது யாருக்கும் பலிக்கவில்லை. பூட்டி வைத்த வேலைக்கும் திறந்து வைத்த வேலைக்கும் அந்த ஒரு வித்தியாசம் இருக்கிறது. தோற்றாலும் நாலு பேர் எடுத்துப் பார்க்கலாம்.

"நீயும் டெஸ்ட் எழுதினியா?" என்று கேட்டேன்.

"நானூறுக்கு மேல."

"அதையும் தூக்கிட்டாங்களா?"

போனை எடுத்தான். எதையோ தேடினான். முகம் கொஞ்சம் மாறியது.

"இல்ல மாமா. என் கோடைத்தான் எடுத்துட்டாங்க. டெஸ்ட் எல்லாம் அப்படியே இருக்கு. புது டிசைனை அதை வச்சுத்தான் சோதிக்கறாங்க. நேத்திக்கு ஒரு டெஸ்ட் ஃபெயிலாகி, அவங்க தப்பையே கண்டுபிடிச்சிருக்கு!"

சொல்லும்போது அந்த எட்டு மாதத்தில் ஒரு இரண்டு மாதமாவது அவனுக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. மீதி ஆறு கிடைக்காது. அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கீழே வந்து மூன்று தோசை சாப்பிட்டான். அக்கா எனக்கு நாலாவது தோசையை அன்போடு போட்டாள். மகன் தேறிவிட்ட சந்தோஷம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போன்.

"டேய், நீ என்னடா சொல்லிட்டுப் போனே? முன்னெல்லாம் ரெண்டு மணிக்காவது படுப்பான். நேத்திக்கு நாலு மணி வரைக்கும் உக்காந்திருந்தான்!"